சென்சார்தான், ஓட்டுங்க

அந்த மெக்கானிக்குக்கு டாக்டர் என்று பேர் வைத்தவர் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர். போனில் சத்தத்தைக் கேட்டே வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான் என்பதால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. கேலியாக வைத்ததுதான். ஆனாலும் அதைக் கேட்கும்போதெல்லாம் அவன் தோள் கொஞ்சம் நிமிரும்.

அந்தப் பேருக்குப் பெரிய சாட்சி அத்தானின் கார். அக்கா வீட்டுக்காரர் வாடகைக்கு ஓட்டும் கார் அது. நாலு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் அதன் இன்ஜினை இன்னும் யாரும் பிரித்ததில்லை. இப்படிப்பட்ட இன்ஜினை ஓடவைப்பதில் மந்திரம் எதுவும் கிடையாது. தேய்ந்த இரும்புக்கு நடுவே இடைவெளி கூடிவிடும், அதனால் கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்ற வேண்டும். ஆயில் எரியும், எனவே வாரம் தவறாமல் குச்சியை எடுத்து அளவு பார்க்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்த கையோடு ஆக்ஸிலேட்டரை மிதிக்கக் கூடாது, ஆயில் மேலே ஏறும் வரை பொறுக்க வேண்டும். அத்தான் இவ்வளவையும் அப்படியே கேட்டு நடப்பார். "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சவாரிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

போன சர்வீஸில்தான் மெக்கானிக்குக்குக் கை அரித்தது. ஆயில் மூடியைத் திறந்தபோது உள்ளே கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. இதைக் கழுவிவிட்டால் இன்ஜின் புதுசு மாதிரி ஆகிவிடுமே என்று தோன்றியது. பழைய ஆயிலோடு கழுவுகிற மருந்து ஒரு டப்பா ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினான். ஆயில் தேன் நிறத்தில் பளபளத்தது. அத்தான் குச்சியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

ஒரு வாரம் கழித்து அவர் போன் செய்தார். "மாப்ள, சிக்னல்ல நிக்கும்போது ஆயில் லைட் மினுக் மினுக்னுது. ஆக்ஸிலேட்டர் கொடுத்தா போயிடுது."

மெக்கானிக் அப்போது வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். அந்த மாடல் காரில் ஆயில் சென்சார் கெடுவது சகஜம், அவனே இரண்டு மாற்றியிருக்கிறான். "சென்சார்தான் அத்தான், ஓட்டுங்க. அடுத்த தடவை வரும்போது மாத்திடலாம்" என்றான். சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் ஒரு பிரஷர் மீட்டரை முறுக்கினால் உண்மை தெரிந்துவிடும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அதற்கு அவர் வண்டியைக் கொண்டுவர வேண்டும், இவன் எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் மதியம், ஆயில் வடிக்கும் தட்டைக் கழுவ எடுத்தான். அத்தான் காருக்குப் பிறகு அதைத் தொடவில்லை. கழிவு ஆயிலை டிரம்மில் சாய்த்ததும் தட்டின் அடியில் ஏதோ கரகரத்தது. விரலால் வழித்துப் பார்த்தான். கறுப்புச் செதில்கள், அடுப்புக்கரி நொறுங்கின மாதிரி.

இவ்வளவு வெளியே வந்திருந்தால், உள்ளே எவ்வளவு நின்றிருக்கும்?

இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி இருக்கிறது. பம்ப் அதிலிருந்து ஒரு குழாய் வழியாக ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்பும். குழாயின் வாயில் ஒரு வலை, டீ வடிகட்டி மாதிரி. கழன்ற பொருக்கு அந்த வலையில்தான் போய் அப்பும். வலை அடைத்தால் உறிஞ்ச ஆயில் வராது. வண்டி நிற்கும்போது பம்ப் மெதுவாகச் சுற்றும், சூட்டில் ஆயிலும் நீர்த்திருக்கும். லைட் முதலில் மினுக்குவது அப்போதுதான். அத்தான் போனில் சொன்னது ஒரு எழுத்து பிசகாமல் அதைத்தான்.

கையைக்கூடத் துடைக்காமல் போன் போட்டான். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

"அத்தான், எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரி வாசல்ல. சவாரி உள்ள போயிருக்காங்க. வெயில் தாங்கல, ஏசி போட்டு உக்காந்திருக்கேன்."

"இன்ஜின் ஓடுதா? லைட் எரியுதா?"

"லைட்டா? அதான் சென்சார்னு சொல்லிட்டியே. வர்றவங்க பாத்துட்டு பயப்படறாங்கன்னு வயரைப் புடுங்கி விட்டுட்டேன். இப்ப நிம்மதியா இருக்கு."

"ஆஃப் பண்ணுங்க அத்தான். இப்பவே."

"ஏன்டா, என்னாச்சு?"

"வந்து சொல்றேன்."

போய்ச் சேர்ந்தபோது அத்தான் சவாரியை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார். "கடைசியா லேசா டொக்கு டொக்குனு ஒரு சத்தம் மாப்ள. என் தப்புதான். இந்த வயசான வண்டிய நிறுத்தி வச்சு ஏசி ஓட்டலாமா" என்றார். இல்லை அத்தான் என்று சொல்ல வாய் திறந்தான். "கயிறு இருக்கா?" என்றுதான் வந்தது.

கட்டி இழுத்துவந்து ஷெட்டில் ஏற்றி, அடித்தொட்டியை இறக்கினான். வலை இருந்த இடமே தெரியவில்லை, தார் பூசின மாதிரி இருந்தது. பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன டாக்டரே, நேர்லயே வந்து பாக்கிறீங்க? போன்ல வைத்தியம் கேக்கலையா?"

மெக்கானிக் தலையைத் தூக்கவில்லை. இன்ஜினின் நடுத்தண்டைப் பிடித்திருக்கும் பேரிங் ஓடுகளில் ஒன்றைக் கழற்றினான். மங்கின வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டிய பரப்பில் செம்பு சிவப்பாகத் தெரிந்தது. மேல்பூச்சு தேய்ந்து போய்விட்டது என்று அர்த்தம். தண்டின் மேல் நகத்தை மெல்ல ஓட்டினான். கீறல் இருந்தால் நகம் சிக்கும். சிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஏசி ஓடியிருந்தால் சிக்கியிருக்கும்.

அப்போது அக்கா போன் செய்தாள். அத்தான் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, வண்டி நின்னுபோச்சாமே?"

"ஒண்ணும் இல்ல. நான்தான் நிறுத்தி வச்சு ஏசிய ஓட்டிட்டேன். நல்லவேளை, உன் தம்பி அவனாவே போன் பண்ணி ஆஃப் பண்ணச் சொன்னான். இல்லேன்னா இன்ஜின் போயிருக்கும். எங்கேயோ இருந்துகிட்டே கண்டுபுடிச்சுட்டான் பாரு."

"அவன் இருக்கிற தைரியத்துலதானே நாம இந்த வண்டிய வச்சிருக்கோம்" என்றாள் அக்கா.

வண்டிக்கு அடியில் உட்கார்ந்திருந்தவனுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பான். இந்தப் பாராட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பேசாமல் இருந்தால் அது அவனுடையதாகவே ஆகிவிடும். வீட்டில், சவாரியில், எல்லா இடத்திலும் அத்தான் இதைச் சொல்லிக்கொண்டே திரிவார். ஒவ்வொரு தடவையும் அவர் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வார்.

போனை வைத்ததும் வெளியே வந்தான். "அத்தான், ஏசியால இல்ல. நான் அந்த மருந்த ஊத்திக் கழுவினதுதான். பொருக்கு கழண்டு வலையை அடைச்சிருச்சு. இவ்வளவு பழைய இன்ஜின்ல அதைச் செய்யக் கூடாது. தெரிஞ்சும் செஞ்சேன். லைட்டு சென்சாரும் இல்ல. பாக்காமலே சொன்னேன்."

பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

"அப்ப அந்த லைட்டு சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார் அத்தான்.

"ஆமா."

"நான் அதோட வாயப் பொத்திட்டேன்."

"நான் சொன்னதால பொத்தினீங்க."

அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டு, மண்ணெண்ணெய்த் தட்டில் கிடந்த வலையை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். கொடுங்க என்று கேட்கக்கூட அவனுக்கு முகம் இல்லை. எதிரே உட்கார்ந்து தொட்டியைச் சுரண்டினான்.

மறுநாள் புது பேரிங் ஓடுகள் போட்டு, பழையபடி கெட்டி ஆயில் ஊற்றி, மீட்டரை மாட்டி ஸ்டார்ட் செய்தான். முள் ஏறியது. சூடான பிறகும் விழாமல் நின்றது. ஆனால் சத்தத்துக்கு அடியில் ஒரு சின்னத் தட்டல் மிச்சம் இருந்தது. காது பழகினவனுக்கு மட்டும் கேட்கிற தட்டல். அது முன்பே இருந்ததா, நேற்று வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை.

அத்தான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு காலம் தாங்கும்?"

நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. இன்னும் ஒரு லட்சம் தாராளமா ஓடும் அத்தான் என்று. இத்தனை வருஷமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறான்.

"தெரியல அத்தான்" என்றான். "சவாரிக்கு வேண்டாம். தினமும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாக்கணும். நானும் கூட வர்றேன்."

அத்தான் அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். அவன் ஏறி உட்கார்ந்தான். அத்தான் ஏசியைப் போடாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினார். மேட்டிலும் திருப்பத்திலும் அந்தத் தட்டல் கூடுகிறதா குறைகிறதா என்று குனிந்த தலையோடு அவன் கேட்டுக்கொண்டே வந்தான்.