கம்பிக்கு முன்னால்

காந்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அது தெரிந்தும் முசரவாக்கம் பஞ்சாயத்துத் தலைவர் சிட்டிபாபு ஒரு காகிதத்தோடு கைநாட்டுக்கு மசிப்பெட்டியைத்தான் நீட்டினார்.

"இன்னா எழுதியிருக்குது தலைவரே?"

"மேய்க்கால் நெலம் நாப்பது ஏக்கரும் பத்து வருசமா சும்மா கெடக்குது, யாரும் ஆடு மாடு ஓட்டலன்னு. வெச்சுட்டுப் போக்கா."

"அப்ப என் ஆடுங்க காத்தக் குடிச்சா வளந்துச்சி?"

மசிப்பெட்டியைத் தொடாமல் நடந்துவிட்டாள்.

சென்னைக் கம்பெனி ஒன்று அங்கே காடு வளர்க்கப் போகிறதாம். மரம் காற்றிலுள்ள கரியை இழுத்து வைத்துக்கொள்ளுமாம்; அதற்கு வெளிநாட்டுக்காரன் பணம் தருவானாம், யாரும் பிழைக்காத சும்மா நிலமாக இருந்தால் மட்டும். தரட்டும். ஆனால் மொத்தத்தையும் கம்பி போட்டு அடைத்தால் ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டிவிட்டு, அவள் மறுபடி செவிலிமேட்டில் சித்தாளாகத்தான் நிற்கவேண்டும். செங்கல் சுமந்து கழுத்து தேய்ந்து வாங்கிய ஆடுகள்.

அன்றைக்கே நிலத்தைச் சோதித்து அத்தாட்சி கொடுக்கிற அதிகாரி சத்யப்ரியா வந்திருந்தாள். காந்தா எட்டு ஆட்டையும் அவள் முன்னாலேயே ஓட்டிவந்தாள்.

"மானத்த வாங்காதக்கா!" சிட்டிபாபு பல்லைக் கடித்தார்.

"உன் மானத்துக்கு நானா காவல்?"

ஒரு மூலையில் கம்பெனி ஆட்கள் முன்பே கன்று நட்டுப் பார்த்திருந்தார்கள். அதற்காகப் பெயர்த்துக் குவித்த செடிகளைக் காந்தா தொரட்டியால் புரட்டினாள்.

"இது முள்ளுப்புதர் இல்லமா. உசிலை. அது நுணா. வருசா வருசம் தழை அறுப்பேன், நடுக்கொழுந்துல மட்டும் கை வெக்க மாட்டேன். அதயும் அறுத்தா அடுத்த வருசம் ஆட்டுக்கு இன்னாத்த போடறது? இவங்க வேரோட பேத்துட்டு நர்சரிக் கன்னு நட்டாங்க. பாரு, காஞ்சிக்கினு நிக்குது."

சத்யப்ரியா பக்கத்தில் உயிரோடிருந்த ஒரு தூரைக் குனிந்து தடவினாள். தழும்பின் மேல் தழும்பு. "எத்தனை வருஷமா அறுக்கறீங்க?"

"நான் பதினோரு வருசமா. எனக்கு முந்தி எங்க மாமியா."

சத்யப்ரியா தலைவரிடம் திரும்பினாள். "ஆளே வரலன்னு ஃபைல்ல இருக்கே சார்?"

சிட்டிபாபு ஆடுகளைப் பார்த்தார். அவை அவரைப் பார்க்கவில்லை, மேய்ந்தன.

"காடு வரட்டும்மா, நான் குறுக்க நிக்கல" என்றாள் காந்தா. "பத்து ஏக்கர அடைங்க. ரெண்டு மழைக்கு ஆடு அந்தாண்ட போவாது. குழியும் வேணாம், கன்னும் வேணாம், கொழுந்து தானா தலைக்கு மேல போவும். அப்பால அடுத்த பத்து. மொத்தமா அடச்சீங்கன்னா கம்பிய அறுப்பேன். சொல்லிட்டுதான் அறுப்பேன்."

"கேஸ் ஆயிடும், தெரியுமில்ல?" என்றார் சிட்டிபாபு.

"போடுபா. எதுக்கு அறுத்தாள்னு அதுல எழுதணுமில்ல? ஆடு மேய்க்க வந்தாள்னு போலீஸே எழுதட்டும்."

சத்யப்ரியா படிவத்தில் நிலம் சும்மா கிடக்கிறது என்ற பத்தியைக் குறுக்கே அடித்தாள். சிட்டிபாபு செல்போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். கம்பெனிக்காரனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "சார்... சார்..." என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.