லீவர் மேலேயா?

அப்பாவின் வலது கை சட்டைக்குள் போக மறுத்தது. மணிக்கட்டு எலும்பு புடைத்துக் கோணலாக ஒட்டிய கை அது. அப்பா உயிரோடு இருந்தபோதே அதற்குத் தனி வழி விட வேண்டும். மகள் இரண்டு தடவை முயன்றுவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"கோணக் கைய முதல்ல விடுடி. அப்புறந்தான் மத்தது. முப்பத்தாறு வருஷமா அப்படித்தான்," என்றாள் அம்மா.

கை உள்ளே போனது. மகள் பித்தானைப் போட்டாள். நேற்று மதியம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இந்தக் கையை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் அப்பா அதைச் சொன்னார்.

"நான் கேட்டேம்மா. லீவர் மேலயான்னு கேட்டேன். 'மேலதாண்ணே இருக்கு, சும்மா சுத்து'ன்னான். கீழ இருந்துச்சு."

"இத்தன வருஷம் ஏம்ப்பா சொல்லல?"

"கூடப் பொறந்தவனாச்சே," என்றவர் தண்ணீர் கேட்டார். விடிந்தபோது அவர் இல்லை.

அப்பா, சித்தப்பா என அண்ணன் தம்பி இருவரும் பழைய மோட்டார் வண்டிகளின் காட்சிக்கூடத்தில் மெக்கானிக்குகளாகச் சேர்ந்தவர்கள். அங்கே வண்டிகள் பிறந்த வரிசையில் நிற்கும். முதலில் ஹேண்டில் சுற்றிக் கிளப்பும் வண்டி. அடுத்தது பட்டனைத் தொட்டால் கிளம்புவது. அப்புறம் பெட்ரோலைக் கம்ப்யூட்டரே அளந்து ஊற்றும் வண்டி. கடைசியில், ஓடுகிறதா தூங்குகிறதா என்றே தெரியாத பேட்டரி வண்டி.

முதல் வண்டிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்ற, இன்னொருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சின்ன லீவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். லீவர் மேலே இருந்தால் தீப்பொறி தாமதமாக வரும். இன்ஜின் சொன்ன பேச்சைக் கேட்கும். கீழே இருந்தால் பொறி முந்திக்கொள்ளும். இன்ஜின் திருப்பி உதைக்கும். ஹேண்டில் கையை ஒடித்துவிடும். அதனால் சுற்றுகிறவர் "லீவர் மேலயா?" என்று கேட்பார். சீட்டில் இருப்பவர் பார்த்துப் பதில் சொல்லாமல் ஹேண்டில் அசையாது. அந்தத் தொழிலுக்கு அதுதான் சத்தியம்.

தலைமை மெக்கானிக் வேலை இருவரில் ஒருவருக்கு என்று முடிவாக இருந்த வாரத்தில்தான் அண்ணன் கை ஒடிந்தது. வேலை தம்பிக்குப் போனது. அண்ணன் வாசலில் டிக்கெட் கிழித்தார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பார்க்க வருகிறவர்களிடம் பட்டன் வண்டிக்குப் பக்கத்தில் நின்று சித்தப்பா ஒரு கதை சொல்வார். "இது ஏன் வந்துச்சு தெரியுமா? ஹேண்டில் சுத்தி ஊர்ப்பட்ட கை ஒடிஞ்சதாலதான். வாசல்ல டிக்கெட் குடுத்தாரே எங்கண்ணன், போறப்ப அவரு கையப் பாத்துட்டுப் போங்க. கேக்காம சுத்தினாரு!" எல்லாரும் சிரிப்பார்கள். பிள்ளைகள் டிக்கெட் ஜன்னலுக்கு ஓடி வந்து கையைக் காட்டச் சொல்லும். அப்பா காட்டுவார்.

வாசலில் சத்தம் கேட்டது. கடைசிப் பயணத்துக்கென்று காட்சிக்கூடத்து முதலாளி அந்த முதல் வண்டியையே அனுப்பியிருந்தார். திறந்த பின்பக்கத்தில் அப்பாவைக் கிடத்திய பெட்டியை ஏற்றினார்கள். சித்தப்பா ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயைப் போல விம்மினார்.

"எங்கண்ணனுக்கு என் கையாலதான் ஹேண்டில் சுத்துவேன். சீட்ல யாராச்சும் உக்காருங்க."

"நான் உக்காரறேன் சித்தப்பா," என்றாள் மகள். பஸ் டெப்போ மெக்கானிக் அவள். யாரும் மறுக்கவில்லை.

ஏறியதும் லீவரைக் கீழே இறக்கினாள். முன்கண்ணாடி வழியே சித்தப்பாவின் வலது மணிக்கட்டு தெரிந்தது. நேரான, வழவழப்பான மணிக்கட்டு. ஒரே ஒரு சுற்று போதும்.

ஆனால் கை ஒடிந்தால் ஊரே அவரைச் சுற்றிக்கொண்டு விசிறும். செத்தவரை விட்டுவிட்டு ஒடிந்தவருக்கு அழுவார்கள். அண்ணனுக்காகக் கையைக் கொடுத்த தம்பி என்று அதையும் ஒரு கதையாக்கி அவர் ஆயுசுக்கும் சொல்வார். இவருக்கு அந்தத் தண்டனை ரொம்ப மலிவு.

லீவரை மேலே தள்ளினாள்.

"லீவர் மேலயா?" என்றார் சித்தப்பா.

"மேலதான் சித்தப்பா இருக்கு," என்றாள் அவள், அன்று அவர் அப்பாவிடம் சொன்ன அதே சொற்களில். "சும்மா சுத்துங்க."

ஹேண்டிலில் வைத்த கை அப்படியே நின்றது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"அதான் சொல்லிட்டால்ல, சுத்துங்க," என்றார் முதலாளி.

"நீ... நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். என்ன சித்தப்பா, நம்பிக்கை இல்லையா?"

கையை எடுத்துவிட்டார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. முதலாளி எட்டி ஸ்டீயரிங்கைப் பார்த்தார். "மேலதானய்யா இருக்கு! இதுக்கு ஏன் இப்படி வேர்க்குது உமக்கு?"

வாசற்படியில் நின்ற அம்மா ஹேண்டிலைப் பார்த்தாள், பிறகு கொழுந்தனைப் பார்த்தாள். அவள் வாய் மெல்லத் திறந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

மகள் இறங்கி முன்னால் வந்தாள். "நீங்க போய் உக்காருங்க. நான் சுத்தறேன். கேட்டுட்டுத்தான் சுத்துவேன்."

அவர் ஏறி உட்கார்ந்தார். அவள் அப்பா சொல்லித்தந்தபடி கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஹேண்டிலைப் பிடித்தாள்.

"லீவர் மேலயா?"

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"காதுல விழல சித்தப்பா. லீவர் மேலயா?"

"மேல..."

"எங்கப்பாவுக்கும் கேக்கணும்."

"மேலதாம்மா!" குரல் உடைந்து தெருவெல்லாம் கேட்டது. "சத்தியமா மேலதான் இருக்கு!"

அவள் சுற்றினாள். முதல் சுற்றிலேயே இன்ஜின் உறுமிக் கிளம்பியது. ஹேண்டிலை உருவிக்கொண்டு பின்னால் ஏறி, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இன்ஜின் பிடித்துக்கொண்டதும் லீவரைக் கீழே இறக்கினால்தான் வண்டி இழுத்து ஓடும். சித்தப்பா அதை இரண்டு கையாலும் மேலே அழுத்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"இப்ப கீழ இறக்கலாம்," என்றாள் மகள்.

அவர் இறக்கவில்லை.