மே முப்பத்தொன்றில் பிறந்தவர்கள்

வங்கியில் கடன் தர முடியாது என்று சொன்ன அன்று, என் கிரெடிட் ரிப்போர்ட்டை அச்செடுத்து நான்கு முறை படித்தேன். முதல் பக்கத்தில் என் பெயர், பிறந்த தேதி, சூரியநெல்லி முகவரி எல்லாம் சரி. மூன்றாம் பக்கத்தில் நான் வாங்காத ஒரு மகளிர் குழுக் கடன். பாக்கி முப்பத்தெட்டாயிரத்து நானூறு, வசூலுக்கு அனுப்பப்பட்டது. நான்காவது முறை படித்தபோது, ஒருவேளை வாங்கித்தான் இருப்பேனோ என்றுகூடத் தோன்றியது. எனக்கு அப்படித்தான். பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பேன்.

அம்மாவுக்கு மார்ச்சோடு எஸ்டேட் வேலை முடிகிறது. பிறகு எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்ய வேண்டும். இரண்டு சென்ட் இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மீதிக்கு என் பெயரில்தான் கடன் கேட்டிருந்தோம்.

ரிப்போர்ட்டில் இருந்த வசூல் கம்பெனியை அழைத்தேன். ஜெகன் என்பவர் எடுத்தார்.

"முருகேஸ்வரியா? அடேயப்பா! ஆறு மாசமாத் தேடுறோம், எங்க ஒளிஞ்சிருந்தீங்க?"

"சார், அது என் கடன் இல்ல."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. பாதியக் கட்டுங்க, செட்டில்டுன்னு போட்டு முடிச்சு விட்டுர்றேன். தங்கச்சியா நெனச்சுச் சொல்றேன்."

வாய் புளித்தது. பாதி கட்டினால் கடன் என்னுடையது என்று நானே ஒப்புக்கொண்டதாகும். ‘செட்டில்டு’ என்ற சொல்லும் ரிப்போர்ட்டில் வருடக்கணக்கில் கறையாகக் கிடக்கும். சாயங்கால கணக்கியல் வகுப்பில் அவ்வளவு படித்திருந்தேன்.

அம்மாதான் கண்டுபிடித்தாள். "அடியே, இது நெட்டை முருகேஸ்வரி கடன்டி. புருசன் ஆசுபத்திரியில கெடந்தப்ப குழுவுல எடுத்தா."

எஸ்டேட் பள்ளியில் என் வகுப்பில் இரண்டு முருகேஸ்வரிகள். அவள் நெட்டை, நான் குட்டை. பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் ஹெட்மாஸ்டர் மே முப்பத்தொன்று என்று எழுதினார். ஜூனில் பள்ளி திறக்கும்போது வயது சரியாக வருமாம். முகவரியும் ஒன்றே, ஆறாம் டிவிஷன் லயம். வாசல் எண்ணை யாரும் எழுதுவதில்லை. அவள் கடனுக்கு பான் கார்டும் கேட்கவில்லை. பெயர், தேதி, முகவரி மூன்றும் பொருந்த, எங்கோ ஒரு கம்ப்யூட்டர் இருவரையும் ஒருத்தியாக்கிவிட்டது.

என் சான்றுகளை மட்டும் இணைத்து, ரிப்போர்ட் கொடுத்த கம்பெனிக்கு ஆட்சேபம் அனுப்பினேன். இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. ‘கடன் கொடுத்தவர் உறுதி செய்துள்ளார். மாற்றமில்லை.’ அவள் வேறு ஆள் என்று காட்டினால்தான் நான் நானாக முடியும்.

பூப்பாறைக்குப் போனேன். புருஷன் இறந்தபின் நெட்டை அங்கே ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்து, அதன் பின்னறையிலேயே மகளோடு இருந்தாள்.

"வாடி குட்டை! பள்ளிக்கூடத்துலதான் எனக்கு விழ வேண்டிய அடிய நீ வாங்குன. இப்பக் கடனுமா?" என்று சிரித்தாள். ஆதாரை எடுத்து என் கையில் வைத்தாள். "கொண்டு போ. வசூல்காரனுங்க இங்க மட்டும் வந்துராமப் பாத்துக்க. மொதலாளி தொரத்தி விட்டுருவாரு."

"வர மாட்டாங்க" என்றேன்.

ஜெராக்ஸ் கடைக்காரர், "ரெண்டு பக்கமுமா?" என்று கேட்டார். மகளைப் பள்ளியில் சேர்ப்பதற்காக நெட்டை ஆதாரில் முகவரியை மாற்றியிருந்தாள். பின்பக்கத்தில் ஸ்டோரின் பெயரே இருந்தது. முன்பக்கம் மட்டும் போதுமோ என்று யோசித்தேன். குறையுள்ள ஆவணம் நிராகரிக்கப்படும் என்று படிவத்தில் அச்சிட்டிருந்தது. மூன்று நிமிடம் நின்றேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல அந்த மூன்று நிமிடம் இடம் வைக்கவில்லை.

"ரெண்டு பக்கமும்" என்றேன். அந்த நகலோடு மறுபடி ஆட்சேபம் அனுப்பினேன்.

பத்தாம் நாள் ஜெகன் ஒரு படம் அனுப்பிவிட்டு அழைத்தார்.

"தங்கச்சி, ஒங்க ஆட்சேபத்தோட வந்த ஆதார்ல அட்ரஸ் கெடச்சுது. ஒங்க உதவிய மறக்க மாட்டேன். இவங்கதான? ஆமான்னு ஒரு வார்த்த போடுங்க, இன்னைக்கே ஒங்க பேர எடுக்க எழுதிர்றோம்."

படத்தில் நெட்டை ஸ்டோர் வாசலில் நின்றாள். முந்தானையில் ஏலக்காய்த் தொலி ஒட்டியிருந்தது. பின்னால் முதலாளி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு சார் சிரிக்கிறா?"

"முருகேஸ்வரி அனுப்புனாங்கன்னு சொன்னேன். ஓடி வந்துட்டாங்க."

அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். "என்னடி, கெடச்சிருமா?" என்று கேட்டாள்.

படத்தைப் பெரிதாக்கி, அவள்தானா என்று பார்த்தேன். மறுபடி ஒருமுறை பார்த்தேன். பிறகு ‘ஆமாம்’ என்று அடித்து அனுப்பினேன்.

வெளியே குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தேன். வீட்டுக்குள் வந்துவிட்டு, திரும்பப் போய் இன்னொருமுறை கொப்பளித்தேன்.