வெற்றிடத்தில் ஆடிய வாளி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. கல்லூரி மலர்க் குழுவிடம் "விஞ்ஞானக் கதை தயார்" என்று சொல்லிவிட்டேன். கையிலிருந்தது வெறும் தாள். ஆகவே வெறுமையைப் பற்றியே எழுதுவதென்று முடிவாயிற்று.

முதல் தொடக்கம்: 1967 ஆடி மாதம், குற்றாலத்தில் சாரல் இனிதே… (அடித்துவிட்டேன். எல்லா ஆண்டும் இனிதேதான்.)

இரண்டாம் தொடக்கம்: எம்.எஸ்ஸி. முடித்த இலத்தூர் சிவசைலத்துக்குக் குற்றாலத்தில் பதினோரு மணிக்கு நேர்முகத் தேர்வு. தேறினால் சென்னையில் ஆராய்ச்சி இடம். தவறினால் தென்காசியில் மாமா நயினாரின் உரக்கடை. மாமா யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் அவனுக்கென்று ஸ்டூலே வாங்கிப் போட்டுவிட்டார்.

இது இருக்கட்டும்.

2

தேர்வாளர் பேராசிரியர் அருமைநாயகம், வீரகேரளம்புதூர்க்காரர். சென்னையிலிருந்து சீசனுக்கு வந்தவர், குளித்துவிட்டு வந்து கேள்வி கேட்பதாகச் சொல்லியிருந்தார். சிவசைலமும் குளித்துவிட்டே போகலாமென்று அருவிக்கு வந்தான். உடம்பெல்லாம் நல்லெண்ணெய், இடுப்பில் துண்டு, நீண்ட வரிசை. அந்தக் கோலத்தில் பேராசிரியர் யார், மிளகாய் வியாபாரி யார்* என்று பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. தனக்குப் பின்னால் நிற்பது யாரென்று சிவசைலத்துக்கும் தெரியவில்லை.

(உங்களுக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் அவிழ்க்கத்தான் வைத்திருந்தேன். எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதால் மானத்தோடு சொல்லிவிட்டேன்.)

* மிளகாய் வியாபாரிகள் மன்னிக்க.

பின்னால் நின்றவர் என்ன படிப்பு என்று விசாரித்தார். பிரபஞ்சம் விரியும்போது ஒன்றுமில்லாத வெளியில் துகள்கள் தோன்றுவது பற்றி, என்றான். அதெப்படி என்றார். சாரலைக் காட்டினான்: மலைக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஆவி, இங்கே வந்து துளியாகிறதல்லவா, அப்படி.

"ஆவி அங்கனயே இருந்துச்சே தம்பி. நீ ஒண்ணுமே இல்லேன்னுல்லா சொன்னே?"

மூன்று மாதம் பாடுபட்டுத் தயாரித்த உவமை. சிவசைலத்துக்கு எண்ணெயையும் மீறி வியர்த்தது.

3

இங்கே இரண்டு நாள் எழுதவில்லை. எனக்கும் பதில் தெரியாது.

திடீரென்று அருவியில் வெள்ளம் வந்து வரிசை கலைய… (கோழைத்தனம்.)

சிவசைலம் மயங்கி… (அவன் சம்மதிக்கவில்லை.)

மூன்றாம் நாள் விடுதிக் கிணற்றில் தண்ணீர் இறைத்தேன். கிடைத்ததை அவனிடம் கொடுத்தேன். அவன் நன்றி சொல்லவில்லை.

4

"அண்ணாச்சி, கெணத்துல வாளி தொங்குது. மெதுவா இழுத்தா சும்மா வரும். வெடுக்குன்னு இழுத்தா?"

"ஆடிப் போய்ச் சுவத்துல மோதும். பாதித் தண்ணி போயிரும்."

"ஆட்டுனது யாரு?"

"யாரும் ஆட்டலை. ஆனா கொஞ்சமாச்சும் அசைஞ்சுட்டு இருந்திருக்கணும்லே. அசையாம நின்ன வாளின்னா?"

"அப்பிடி ஒரு வாளியே கெடையாது அண்ணாச்சி. குவாண்டம் விதி விடாது. வெற்றிடத்துலயும் புலம்னு ஒண்ணு நடுங்கிக்கிட்டுத்தான் தொங்குது. வெளி விரியது கயித்து நீளம் மாறுத மாதிரி. மெதுவா மாறுனா ஒண்ணும் வராது. வேகமா மாறுனா நடுக்கம் ஆட்டமாயிரும். அந்த ஆட்டத்தத்தான் துகள்னு சொல்லுதோம்."

வரிசை முன்னே போய்விட்டது. பின்னாலிருந்து ஏச்சு வந்தது. அவர் நகரவில்லை.

"ஏலே, பதினோரு மணிக்கு நீ வராத," என்றார் அருமைநாயகம்.

அப்போதுதான் சிவசைலத்துக்கு ஆள் யாரென்று புரிந்தது. உரக்கடை ஸ்டூல் கண்ணில் ஆடியது.

"கேக்கதுக்கு எங்கிட்ட கேள்வி மிச்சமில்ல. பெட்டியக் கெட்டு. மெட்ராஸுக்கு ஒண்ணாப் போவோம்."

இருவரும் அருவிக்குள் நுழைந்தார்கள். சிவசைலம் போட்ட கூச்சல் ஐந்தருவி வரை கேட்டிருக்கும். (மிகைதான். அடிக்க மனமில்லை.)

5

மாமாவிடம் சிவசைலம் செய்தி சொல்லும் காட்சிக்காக ஒதுக்கிய இடம் இது. மாமா, ஸ்டூல், எண்ணெய் போகாத தலையோடு அவன், எல்லாம் தயார். நான் எழுதப் போவதில்லை. கீழே தாள் காலியாகக் கிடக்கிறது. காலி என்று நம்பிவிடாதீர்கள். கயிறு உங்கள் கையில். வெடுக்கென்று இழுங்கள்.