டெனிஸ் ஐயா வீட்டு மேஜை

டெனிஸ் ஐயா வீட்டுச் சாப்பாட்டு மேஜை ஆடி மாதம் சேலையூரிலிருந்து கிளம்பி, கார்த்திகையில் சிட்லபாக்கம் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது ரொம்பத் தாமதமாகத் தெரியலாம். ஆனால் மேஜை ஒரு முனையை வீட்டுக்குள்ளேயே ஊன்றிக்கொண்டு, பலகையை மட்டும் நீட்டிக்கொண்டே போயிற்று. அந்த வருஷம் வழியெல்லாம் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், மழை வேறு. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் அது சுறுசுறுப்பான மேஜை என்றுதான் சொல்ல வேண்டும்.

டெனிஸ் ஐயா அமெரிக்காவில் சோளம் விளையும் ஒரு மாநிலத்துக்காரர். மகள் ஜாஸ்மின் கைக்குழந்தையாக இருந்தபோது மனைவி ரூத்தம்மாவோடு ஊழியத்துக்கு வந்தவர், கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் தசரதன் வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தார். அந்த வீட்டில் டிவி கிடையாது, சினிமாப் பாட்டு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மூட்டுவது கிடையாது. சனிக்கிழமையே சமைத்து மூடி வைத்துவிடுவார்கள். ரூத்தம்மா முக்காடு இல்லாமல் வாசலுக்கு வந்து நாங்கள் பார்த்ததில்லை. ஜெபத்தை வாய்விட்டுச் சொல்வது ஐயா மட்டும், பெண்கள் மனசுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அற்புதங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டன, இந்தக் காலத்தில் நடப்பதாகச் சொல்வதெல்லாம் கண்கட்டு என்பது அவர் சபையின் உறுதியான போதனை. சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போஸ்டர் ஒட்டாத சுவரே இல்லாத தாம்பரத்தில், அற்புதமே கிடையாது என்று பிரசங்கம் பண்ண ஒரு மனுஷன் கடல் தாண்டி வந்தார் என்றால் அவர் தைரியத்தை என்னவென்று சொல்வது! ஆனாலும் நல்ல மனுஷன். தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நாற்காலி இறக்கிப் போடுவார்.

ஜாஸ்மின் எங்கள் தெருவில் வளர்ந்தவள். முடிதான் வைக்கோல் நிறம். வாயைத் திறந்தால் அசல் தாம்பரம். வீட்டு இன்வெர்ட்டரைப் பழுது பார்க்க வந்த வெற்றிவேலை அவள் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் பண்ணிக்கொண்டு, சிட்லபாக்கத்தில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனாள். வெற்றிவேல் மேல் வேறு குறை சொல்ல முடியாது, முருகனைக் கும்பிடுகிறவன் என்பதைத் தவிர. விசுவாசத்துக்கு வெளியே கல்யாணம் செய்தவர்களை ஐயாவின் சபை விலக்கி வைக்கும். விலக்கப்பட்டவரோடு பேசலாம், நலம் விசாரிக்கலாம், ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்கலாம். ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட மட்டும் கூடாது. அவருடைய தாத்தா காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. மகளின் பெயரைச் சபை முன்னால் எழுந்து நின்று அவரேதான் சொன்னார்.  புருஷன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசியே அறியாத ரூத்தம்மா அன்றைக்குச் சாப்பாட்டு ஜெபத்தின்போது உள்ளங்கையை மேஜை விளிம்பில் வைத்துக்கொண்டு மனசுக்குள் என்னவோ கேட்டாள். மறுநாள் காலையில் மேஜை ஒரு சாண் நீண்டிருந்தது.

தேக்கு ஈரத்துக்கு ஊதும் என்றார் ஐயா. மறுவாரம் அது சாப்பாட்டு அறையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தது, அதற்கடுத்த வாரம் வாசற்படி இறங்கியது. இறங்கின இடத்தில் புதிதாகக் கால்கள் முளைத்து, தரை மேடுபள்ளத்துக்கு ஏற்றபடி தாங்களே நீளத்தைச் சரிசெய்துகொண்டன. வீட்டுக்காரர் தசரதன் ஒரு காலத்தில் அந்த இடத்திலேயே நெல் பயிரிட்டவர், வளர்கிற எதையும் தடுக்க மனசு வராதவர். இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“இன்னா சார், டேபிள் ரோட்டுக்கு வந்துகினு கீது?”

“இது அற்புதமன்று, தசரதன். மரம் ஈரத்தினால் விரிவடைகிறது,” என்றார் ஐயா. அவருடையது வேதாகமத்திலிருந்து கற்றுக்கொண்ட தமிழ்.

“விரியட்டும் சார். வண்டி போறதுக்கு மட்டும் வழி வுட்டா போதும்.”

ஐயா ஒரு சனிக்கிழமை ரம்பம் வாங்கி வந்து, வாசலுக்கு வெளியே இருந்ததையெல்லாம் அறுத்துத் தள்ளினார். திங்கட்கிழமை மேஜை அறுக்குமுன் எட்டிய இடத்துக்கே மறுபடி வளர்ந்திருந்தது. நாலு தடவை அறுத்துப் பார்த்தார். அறுத்த துண்டுகள் கேம்ப் ரோட்டு டீக்கடையில் பெஞ்சாகக் கிடக்கின்றன. அவற்றில் உட்கார்ந்தவர்கள் இன்றுவரை சண்டை போட்டதில்லை என்பதால் கட்சிக்காரர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. பக்கத்துத் தெருவில் ஜெபவீடு நடத்தும் போதகர் வேதசிரோமணி மைக் செட்டோடு வந்து, “ஐயா, ஆண்டவர் உங்க வூட்லதான் எறங்கிகீறாரு, நீங்க இன்னாடான்னா ரம்பத்த எடுக்கிறீங்களே!” என்று கண்ணீர் விட்டார். ஐயா அவருக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்து, மரம் ஊதுவதைப் பற்றி விளக்கி அனுப்பிவைத்தார்.

இதற்கிடையில் ஊழிய காலம் முடிந்தது என்று ஊரிலிருந்து அவரைத் திரும்ப அழைத்துவிட்டார்கள். தை பிறந்ததும் விமானம். போய்விட்டால் மறுபடி வருவது வயசான காலத்தில் நடக்கிற காரியமில்லை. அதற்குள் மகளோடு ஒருவேளையாவது குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர ரூத்தம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மேஜைக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஐப்பசி பிறந்ததும் அது வேகம் பிடித்தது. வேளச்சேரி மெயின் ரோட்டை அது கடந்த காலையை நாங்கள் மறக்க மாட்டோம். தூறிக்கொண்டிருந்தது. ரோட்டோரம் வரை வந்த பலகை கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மெதுவாக மேலே எழும்பி, பஸ் போகிற உயரத்துக்குப் போய், அந்தப் பக்கம் பூ உதிர்கிற மாதிரி சத்தமில்லாமல் இறங்கியது. ஒரு வண்டியும் ஹாரன் அடிக்கவில்லை. அந்த ரோட்டில் ஹாரன் சத்தம் இல்லாமல் போனதே தனி அற்புதம். கண்டக்டர் ஒருவர் கீழே இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். எங்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, ஏன் என்று தெரியாமலே அழுகை வந்தது.

கார்த்திகையில் ஒரு மாலை அது சிட்லபாக்கத்தில் மாடிப்படி ஏறி, ஜாஸ்மின் வீட்டுச் சமையலறை வாசலில் நின்றுவிட்டது. அவள் பலகை மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள் என்று வெற்றிவேல் சொன்னான். சேலையூரில் ரூத்தம்மா பீன்ஸும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பைப் பாத்திரத்தோடு பலகை மேல் வைத்து, “ஜாஸ்மினுக்கு” என்று மட்டும் சொன்னாள். வழி நெடுக இருந்த நாங்கள் கைமாற்றிக் கைமாற்றி அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். யாரும் ஒரு கரண்டிகூட எடுக்கவில்லை. அங்கிருந்து எலுமிச்சை சாதம் வந்தது. அதைப் பார்த்ததும் டெனிஸ் ஐயா தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மேஜை மகள் வீட்டைத் தொட்டுவிட்டபடியால் அதில் சாப்பிடுவது அவளோடு சாப்பிடுவதாகிவிடும். மேஜை ஊதின மரம்தான் என்று சொல்லிக்கொண்டே அதற்கு இவ்வளவு பயந்த ஒருவரை நாங்கள் பார்த்ததில்லை. அவர் முழங்கால் மடங்காமல் படுகிற பாட்டைப் பார்த்து எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. ரூத்தம்மா அன்றைக்குத்தான் முதல்முறையாக அவருக்கு எதிராக ஒரு வார்த்தை சொன்னாள்.

“மேஜைக்கு வெளியே இருக்கிறது அவள் இல்லை. நீங்கள்.”

ஐயா ஊர் திரும்பும் வரை தரையிலேயே சாப்பிட்டார், இளைத்தும் போனார். ஏர்போர்ட்டுக்கு ஜாஸ்மினும் வெற்றிவேலும் வழியனுப்ப வந்தார்கள். ஐயா மகள் தலையில் கை வைத்தார், மாப்பிள்ளையின் வேலையைப் பற்றி மரியாதையாக விசாரித்தார். வெற்றிவேல் ஓடிப்போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்து நீட்டியபோது மட்டும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த டீ வெற்றிவேல் கையிலேயே ஆறிப்போனது. கொட்ட மனசில்லாமல் அவன் அதைக் கார் நிறுத்தும் இடம் வரை சுமந்துகொண்டே போனான்.

விமானம் போன மறுநாள் மேஜை சிட்லபாக்கத்திலிருந்து மறுபடி கிளம்பியது. மேடவாக்கம் தாண்டி, கேளம்பாக்கம் தாண்டி, பங்குனி கடைசியில் கோவளத்தில் கடற்கரை மணலில் இறங்கியது. மீன்காரப் பெண்கள் கொஞ்ச நாள் அதன் மேல் கூடையை இறக்கி ஏலம் விட்டார்கள். அப்புறம் ஒரு விடியற்காலை அது அலைக்குள் இறங்கிப் போய்விட்டது. படகுக்காரர்களிடம் கேட்டால், “அது பாட்டுக்கு அது போவுது, நாங்க பாட்டுக்கு நாங்க போறோம்,” என்றார்கள். எங்கள் பக்கத்தில் நாளடைவில் மேஜை ஓரத்து வீடுகளெல்லாம் அதிலேயே சாப்பிடப் பழகிவிட்டோம். ஐயா காலி செய்த வீட்டை மேஜையோடு சேர்த்துத்தான் தசரதன் வாடகைக்கு விட்டார். குடிவந்தவர்களும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் புரட்டாசியில் ஒரு நாள், எல்லோரும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காருகிற நேரம், கோவளத்திலிருந்து சேலையூர் வரை மேஜை லேசாக அதிர்ந்தது. தட்டில் இருந்த ரசம் அலைந்தது. கனத்த ஆள் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு முழங்கையையும் பலகையில் ஊன்றினால் எப்படி அதிருமோ அப்படி. உடனே ஜாஸ்மினுக்கு போன் வந்தது. அம்மாவும் மகளும் எப்போதும் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வார்கள். அன்றைக்கு ரூத்தம்மா, மாப்பிள்ளைக்கும் கேட்கட்டும் என்று தமிழில் பேசினாள். மேஜை ஒரு வாரமாக அவர்கள் ஊர்ச் சோளக்காட்டு வழியாக வந்துகொண்டிருந்தது என்றும், சற்றுமுன் அங்கே பொழுது விடிந்ததும் சமையலறைக் கதவுக்கு வெளியே வந்து நின்றது என்றும், தான் போய்க் கதவைத் திறக்கவில்லை என்றும் சொன்னாள்.

“அப்பா உட்கார்ந்திருக்கிறார். ஜெபம் பண்ணப் போகிறார். சாப்பிட ஆரம்பித்துவிடாதீர்கள்.”

ஜாஸ்மின் போனை மேஜை மேல் வைத்தாள். ஆனால் ஜெபம் எங்களுக்கெல்லாம் மரத்தின் வழியாகவே கேட்டது. இங்கிலீஷில் என்பதால் என்ன சொல்கிறார் என்று எங்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. இடையிடையே வெற்றிவேல் என்ற பெயர் வந்தது, அதைச் சரியாகத்தான் உச்சரித்தார். ஜாஸ்மின் கண்ணைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். சாம்பார் ஆறியது, அப்பளம் நமுத்தது, யாரும் கை வைக்கவில்லை. ஆமென் சொன்ன பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“வெற்றிவேல்,” என்றார், “நீங்கள் முதலாவது புசியுங்கள்.”

“சரிங்க மாமா,” என்றான் வெற்றிவேல். குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

அவன் ஒரு வாய் பிசைந்து போட்டுக்கொள்ளும் வரை காத்திருந்துவிட்டு, நாங்களும் சாப்பிட்டோம். அன்றைக்கு எங்கள் வீட்டில் வெண்டைக்காய்க் காரக்குழம்பு.