ரைஹானத்தின் பயோடேட்டா

பொன்செல்விக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்ற விஷயம் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வேண்டுமா, கரண்ட் பில் கட்ட வேண்டுமா, ஆட்கள் போனைத் தூக்கிக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அவளும் கட்டைவிரலால் நாலு தட்டுத் தட்டி முடித்துக் கொடுத்துவிடுவாள். "சொரிமுத்து மவ கம்ப்யூட்டர்ல புலி" என்று களக்காட்டுப் பக்கத்து வாழைத்தோட்டமெங்கும் பேச்சு. அதைப் பரப்பியது வேறு யாரும் இல்லை. அங்கே தார் சுமந்து லாரியில் ஏற்றுகிற சொரிமுத்துதான், அவளைப் பெற்ற அப்பா.

புலியின் சாயம் பாளையங்கோட்டைக் கல்லூரியில் முதல் லேப் வகுப்பிலேயே வெளுத்துவிட்டது. தானியேல் சார், "அந்த மஞ்சள் ஃபோல்டரைத் திறங்க" என்றார். பொன்செல்வி விரலை நீட்டித் திரையைத் தொட்டாள். திறக்கவில்லை. அழுத்தித் தொட்டாள். பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், அப்புறம் அந்த வரிசை சிரித்தது, அப்புறம் லேப் முழுக்கச் சிரித்தது. "அது போன் இல்லம்மா, மவுஸைப் பிடிங்க" என்று சார் சாதாரணமாகத்தான் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவளுக்குக் காது மடல் இரண்டும் தீயாய் எரிந்தன. அன்றைக்கு நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தவள், கடைசி வருஷம்வரை அந்த மவுஸின் பக்கம் போகவில்லை.

ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். கூட உட்கார்ந்தவள் மேலப்பாளையத்து ரைஹானத். அவள் தட்ட, இவள் புத்தகத்தைப் பார்த்து வாசித்துக் கொடுப்பாள். "இந்தாட்டி, ஒரு தடவ நீ பண்ணு" என்று ரைஹானத் மவுஸை நகர்த்தினால், "நீயே பண்ணு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பாள். ரைஹானத்துக்கு இது புரியாமல் இல்லை. கூட இருக்கிறவளைக் காட்டிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. பரீட்சையில், எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன நடக்கும் என்று மனப்பாடமாக எழுதி நல்ல மார்க்கும் வாங்கினாள் பொன்செல்வி. நீச்சலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவள் ஆற்றில் இறங்கிக் காட்ட வேண்டும் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

கடைசி வருஷத்துக் கடைசி வாரத்தில், அவரவர் பயோடேட்டாவை அவரவரே தயாரித்து பிரின்ட் எடுக்க வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பார்த்து ரைஹானத்துக்குச் சுகமில்லை. போனில் கேட்டபோது, "என்னோட ஃபைல அனுப்புதேன். சொல்லு மேல ரெண்டு தட்டுத் தட்டுனா அந்தச் சொல்லு பிடிபடும், அது மேலயே உன்னோடத அடிச்சிரு" என்றாள். பொன்செல்வி முதன்முதலாகத் தனியாக உட்கார்ந்து, தட்டுத்தடுமாறி மவுஸைப் பிடித்தாள். ரைஹானத் என்ற சொல்லில் இரண்டு தட்டு, பொன்செல்வி ஆயிற்று. மேலப்பாளையத்தில் இரண்டு தட்டு, களக்காடு ஆயிற்று. தகப்பனார் பெயரில் அகமதுவைத் தட்டி, மீரானைத் தட்டி, சொரிமுத்து என்று அடித்தாள். பிரின்ட் எடுக்க வரிசையில் நின்றவர்கள், "இன்னும் முடியலையா?" என்று முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தார்கள். வேர்த்து விறுவிறுத்து எழுந்துவிட்டாள்.

ரைஹானத்தின் வாப்பா சவுதியில் இறந்து வெகுகாலம் ஆகிறது. அதனால் அவர் பேருக்கு முன்னால் 'லேட்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் இருந்தது. அதை மட்டும் இவள் தட்டவில்லை.

அந்த ஃபைலைத்தான் வண்ணார்பேட்டையில் டிராக்டர் விற்கிற ஒரு நிறுவனத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பில் போடுகிற வேலை. நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். சொரிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு வேலைக்குப் போகாமல், இருப்பதில் நல்ல வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். எவ்வளவு துவைத்தும் அதன் தோளில் வாழைக்கறை போகவில்லை. "நீ பயப்படாமப் போ. நான் இங்கனயே உக்காந்திருக்கேன்" என்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

உள்ளே இருந்த மேலாளர் மதுமதிக்கு நாற்பது வயதிருக்கும். முகத்தில் கடுகடுப்பு இல்லை. பயோடேட்டாவைப் பார்த்துவிட்டு, "இத நீயே டைப் பண்ணினியா?" என்று கேட்டார்.

"ஆமா மேடம்."

"நல்லா இருக்கு. காலையில இருந்து வந்ததுல இதுதான் பார்க்க லட்சணமா இருக்கு." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அப்பா தவறி எவ்வளவு நாள் ஆச்சும்மா?" என்றார்.

பொன்செல்விக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மேஜைமேல் கிடந்த தாளைத் தலைகீழாகப் பார்த்தாள். சொரிமுத்துவுக்கு முன்னால் அந்தச் சொல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

'இது தப்பா விழுந்துட்டு மேடம்' என்று சொல்லியிருக்கலாம். எப்படி விழுந்தது என்று கேட்பார்கள். இன்னொருத்தி தயாரித்தது என்று சொல்ல வேண்டும். அப்படியானால் உனக்குத் தெரியாதா என்பார்கள். அந்த லேபின் சிரிப்பு மறுபடி அவள் காதுக்குள் கேட்டது. ஒரு பக்கம் அப்பாவின் உயிர், ஒரு பக்கம் அந்தச் சிரிப்பு. வெட்கத்துக்கு இருக்கிற பலத்தைப் பாருங்கள், சிரிப்புதான் ஜெயித்தது.

"ரெண்டு வருசம் ஆச்சு மேடம்."

அவ்வளவுதான், சொரிமுத்துவின் கதை முடிந்தது. மதுமதி உச்சுக் கொட்டினார். கண்ணாடி வழியே வெளியே பார்த்து, "கூட வந்திருக்கறது?" என்றார்.

"சித்தப்பா."

"அவரையும் கூப்பிடும்மா."

கூப்பிட இவள் எழுந்திருக்கவே இல்லை. மதுமதியே கையை ஆட்டினார். சொரிமுத்து செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கும்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

"உக்காருங்க. உங்க அண்ணன் இல்லாத குறை தெரியாம பிள்ளையை வளத்திருக்கீங்க. அவரு இருந்து பார்த்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு!"

சொரிமுத்து மதுமதியைப் பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கை தன்னால் தோளுக்குப் போய் அந்தக் கறையை மூடிக்கொண்டது.

"ஆமாம்மா" என்றார் பைய. "எங்க அண்ணன் வெவரமில்லாத ஆளு. எழுதப் படிக்கத் தெரியாது. மவ மவன்னுதான் கெடப்பான். நீங்க பாத்து ஒரு வேல குடுத்தா புள்ள பொழச்சுக்கிடும்."

திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார் மதுமதி.

மாடிப்படியில் சொரிமுத்து முன்னால் இறங்கினார். பஸ் நிறுத்தத்தில் போய் நின்ற பிறகு இவள் வாயைத் திறந்தாள்.

"அப்பா..."

"சித்தப்பான்னு சொல்லு. அங்கன வேல பாக்குதவுக யாராவது நிப்பாவ, கேட்டுரும்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் மெய்யாகவே அக்கறையோடு சொன்னார். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். ரைஹானத்தின் ஃபைல், இரண்டு தட்டு, விட்டுப்போன சொல், தெரியாது என்று சொல்லக் கூசியது, எல்லாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சொரிமுத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி விடு. உனக்கா கம்ப்யூட்டர் தெரியாது? கறச் சட்டையோட வந்தது எந் தப்பு. அதுக்குப் போயி கம்ப்யூட்டர் மேல ஏன் பழியப் போடுத?"

பொன்செல்வி திகைத்து நின்றாள். உள்ளே சொன்ன பொய்யை ஒரு நொடியில் நம்பினார்கள். இங்கே சொன்ன நிஜத்தை நம்ப ஆளில்லை. ஊரெல்லாம் அவளைப் புலி என்று சொல்லித் திரிந்த மனுஷன் எப்படி நம்புவார்? அவரை நம்பவைக்க ஒரே வழிதான் இருந்தது.

அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபடி மாடி ஏறினாள். அறைக்கு வெளியே பில் போடும் இடத்தில் மதுமதி நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள்.

"மேடம், இவுக சித்தப்பா இல்ல. எங்கப்பா. எனக்கு டைப் பண்ணத் தெரியாது மேடம். அது என் கூட்டாளியோட பயோடேட்டா. அவ வாப்பாதான் இல்ல. எங்கப்பா இருக்காவ."

தட்டிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. மதுமதியின் முகம் சிவந்துவிட்டது.

"டைப் பண்ணத் தெரியாதுன்னு சொல்ல வெட்கம். பெத்த அப்பா செத்துட்டாருன்னு சொல்ல வெட்கமா இல்லையா?"

சொரிமுத்துதான், "சின்னப் புள்ளம்மா..." என்று இழுத்தார். மதுமதி அவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"தெரியாத வேலைக்கு உன்னை எடுக்க முடியாதும்மா. அது முடிஞ்சு போச்சு. ஆனா நீ அனுப்பின ஃபைல் இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கு. உங்கப்பா பேர்ல இருக்கறத நீயே அழிச்சிட்டுப் போ." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

எல்லோரும் பார்க்க பொன்செல்வி உட்கார்ந்தாள். மவுஸைப் பிடித்தாள். அம்புக்குறி திரையின் மூலைக்கு ஓடி ஒளிந்துகொண்டது. அதைத் தேடிப் பிடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. ஆத்திரத்தில் விரல் திரைக்கே போய்விட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதே சிரிப்பு. காது மடல் எரிந்தது. விரலை இழுத்துக்கொண்டாள், ஆனால் இந்தத் தடவை நாற்காலியைத் தள்ளிப் போடவில்லை. பைய நகர்த்தி, அந்தச் சொல்லின் கடைசியில் கொண்டுபோய் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். சொரிமுத்து தோளுக்குப் பின்னால் குனிந்து, அவள் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து தெரியாத அவருக்கும், மகளுக்கு இது தெரியாது என்பது நன்றாகவே தெரிந்துவிட்டது.

கீழே இறங்கி ரோட்டுக்கு வந்ததும் அவர் நின்றார்.

"ஏட்டி, இப்ப நான் இருக்கேனா, போயிட்டேனா?"

"இருக்கீயப்பா" என்றாள்.

"பெறவு என்ன? வா, டீ குடிப்போம். காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல, செத்தவனுக்குப் பசிக்காதுன்னு நெனச்சிட்டியா?"

அவர் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை. கறை படிந்த அந்தத் தோளுக்குப் பின்னால், தலையைக் குனிந்தபடி டீக்கடைக்கு நடந்தாள்.