யார் சட்டையைப் பிடிப்பது

"ஒங்க ஆபீஸ் எங்க இருக்கு?" என்று கேட்டாள் குல்ஷாட். அல்மாட்டி நகர மருத்துவமனையின் தாழ்வாரத்தில், இறைச்சிச் சாறு இருந்த தூக்குப் பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தாள். உள்ளே அவள் கணவன் சபிட், மலை வழிகாட்டி, பனிச்சரிவில் சிக்கி இடுப்பெலும்பு நொறுங்கிப் படுத்திருந்தான்.

"ஆபீஸ்னு ஒண்ணு இல்லக்கா," என்றாள் பார்க்க வந்திருந்த தில்னாஸ்.

"மொதலாளி?"

"அப்படி யாரும் கெடையாது. எல்லாரும் கூடி முடிவு பண்றோம்."

"அப்ப நான் யார் சட்டையப் புடிக்கிறது? அதையும் கூடி முடிவு பண்ணிச் சொல்லுவீங்களா?"

பேருந்தில் திரும்பும்போது தில்னாஸுக்குத் தன் ஆட்கள்மேலேயே கோபம் வந்தது. மலைமுகடுகளில் பனியை அளக்கும் கருவிகளை நட்டு, ஆபத்தென்றால் சிவப்பும் இல்லையென்றால் பச்சையும் இணையத்தில் காட்டுகிற கூட்டம் அவர்களுடையது. பல நாட்டு ஆட்கள். தலைவர் இல்லை, சொந்தக்காரர் இல்லை. யாராலும் விலைக்கு வாங்க முடியாத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்ற நினைப்பே அவளுக்கு ஒரு காலத்தில் போதை மாதிரி இருந்தது.

யாரும் எதையும் முன்மொழியலாம். மூன்று நாளில் ஆட்சேபம் வராவிட்டால் நிறைவேறியது. ஒரு ஆட்சேபம் வந்தாலும் மறுபடி முதலிலிருந்து விவாதம். இலையுதிர்காலத்தில் கணவாய்க் கருவிக்குப் புது பேட்டரி கேட்டாள். அந்த வகை பேட்டரி மண்ணைக் கெடுக்கும் என்று யாரோ ஆட்சேபித்தார்கள். விவாதம் பனிக்காலம் வரை நடந்தது. எவ்வளவு பண்பாகப் பேசுகிறோம் என்று ஒருவர் நெகிழ்ந்துகூடப் போனார். அதற்குள் கருவி செத்துவிட்டது. திரையில் மட்டும் அதன் கடைசிப் பச்சை அப்படியே நின்றது. சபிட் அதைப் பார்த்துத்தான் மேலே போனான்.

"கம்பெனி ஒண்ணு தொடங்கணும்," என்றாள், அவளோடு சேர்ந்து கருவிகளை நட்ட தாமிரிடம். அவளுடைய சமையலறையில் அவன் தேநீரில் பால் ஊற்றிக்கொண்டிருந்தான். "கருவியப் பாத்துக்க, யாரையும் கேக்காம பேட்டரி மாத்த. தப்பு நடந்தா ஜனங்க வந்து தட்ட ஒரு கதவு வேணும்டா."

"கதவு இருந்தா மொதல்ல யாரு தட்டுவான்? 'செவப்பு காட்டாதீங்க, ரூமெல்லாம் காலியாகுது'ன்னு ஓட்டல்காரன்தான் வருவான்."

"வரட்டும். மூஞ்சின்னு ஒண்ணு இருந்தாத்தான காறித் துப்ப முடியும்!"

அன்றே கூட்டத்தின் இணையப் பக்கத்தில் முன்மொழிந்தாள். கீழே ஒருவர் எழுதினார்: கம்பெனி என்றால் பொறுப்பாளர் வேண்டுமே, தில்னாஸே இருக்கட்டும். அது முன்மொழிவில் சேர்ந்தது. வரிசையாக இதயக்குறிகள் விழுந்தன. பேட்டரிக்கு ஒரு பருவம் முழுக்கச் சண்டை போட்டவர்களில் ஒருவருக்கும் இதில் ஒரு கேள்விகூட இல்லை.

மூன்றாம் நாள் மதியம் தாமிர் திரையைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தியா? சட்டை ஒன்னோடதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் நேரமிருக்கு. ஒரு ஆட்சேபம் போதும், நீயே போட்டுரு."

"போட்டா பழையபடி யாருமில்ல."

"ஆமா."

கணவாய்க் கருவிக்காகக் கடையில் தானே வாங்கிவந்த பேட்டரியைப் பைக்குள் திணித்தாள். யாரிடமும் கேட்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். மேசைமேல் இருந்த திரையில் ஆட்சேபத்துக்கான கட்டம் காலியாகத் திறந்து கிடந்தது. தெருவில் மலைக்காற்று முகத்தில் அறைந்தது. பொத்தான் போடாத கோட்டின் கழுத்துப்பட்டி, யாரோ கொத்தாகப் பிடித்து இழுப்பதுபோல் மேலே எழுந்து படபடத்தது. அவள் அதை மடக்கிவிடவில்லை.